வடம் படாத இடம்

மூன்று வருடமாக நான் அதிகம் பார்த்த முகம் எது என்று கேட்டால், அது முகமே இல்லை, முத்துப்பேச்சியின் முதுகு என்றுதான் சொல்வேன். எங்கள் எஸ்டேட் மூன்றாம் டிவிஷனின் மகளிர் வடம்வலி அணியில் அவள் முதல் ஆள், நான் இரண்டாம் ஆள். அவள் முதுகில் எந்த இடத்தில் முதலில் வேர்க்கும், எந்தத் தோள் முதலில் இறங்கும், எப்போது அவள் பல்லைக் கடிக்கிறாள் என்பதெல்லாம் பின்னாலிருந்தே எனக்குத் தெரியும்.

என் பெயர் ராமலட்சுமி. தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை. வாய் கொஞ்சம் நீளம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்துக்கொண்டேன்; என் வாயால் முத்துப்பேச்சி பிழைக்காமல் போகப் பார்த்தாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கேரளத்தில் கயிறு இழுக்கும் போட்டிக்கு வடம்வலி என்று பெயர். ஓணம் நெருங்கினால் குமுளியிலிருந்து கட்டப்பனை வரைக்கும் கிளப்புக்கு ஒரு போட்டி நடக்கும். பக்கத்துக்கு ஏழு பேர். முதல் பரிசு ஒரு கிடா, இரண்டாம் பரிசு ஒரு நேந்திரன் வாழைக்குலை. போன வருடம் கடைசிப் போட்டியில் கட்டப்பனைக்காரிகளிடம் தோற்று, குலையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதைச் சிப்ஸ் போட்டுத் தின்று தீர்த்தும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. இந்த வருடம் கிடா எங்களுக்குத்தான் என்று ஜூன் மாதமே முடிவு செய்துவிட்டோம். கட்டப்பனைக்காரிகளிடம் மட்டும் கேட்கவில்லை.

எங்களுக்குக் கோச் பாண்டித்துரை. முத்துப்பேச்சியின் புருஷன். குமுளியில் ஜீப் ஓட்டுகிறார். சுற்றுலா வருகிறவர்களுக்கு யானை காட்டுவார். யானை வராத நாளில் யானைச் சாணம் காட்டுவார். வீட்டில் பெண்டாட்டியிடம் பேச முடியாததை எல்லாம் மைதானத்தில் விசில் ஊதித் தீர்த்துக்கொள்கிறார் என்பது என் கணிப்பு.

வடத்தை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை மண்ணில் குத்தி, மல்லாக்கச் சாய்ந்து இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க வலது விலாவில் தோல் வழன்று, பொருக்குத் தட்டி, கறுத்துப் போகும். மருந்து போட்டால் ஆறும்; ஆறுவதற்குள் அடுத்த பயிற்சி வந்துவிடும். அந்தப் பொருக்குகளுக்கு நாங்கள் வைத்த பேர் மெடல். அவசரத்துக்கு ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துக் குளிக்கும்போது மெடல் எண்ணுவோம். முத்துப்பேச்சிக்குத்தான் எப்போதும் அதிகம். முதல் ஆள் அல்லவா.

பயிற்சி முடிந்ததும் மைதானத்தின் ஓரம், புதரை ஒட்டிய புல்லில் அப்படியே விழுவோம். முத்துப்பேச்சி எப்போதும் இடப்பக்கமாக ஒருக்களித்துத்தான் படுப்பாள். வலது விலா எரியும், அதனால். இதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பார்த்ததெல்லாம் மூளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கினாள். புதன்கிழமை அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். போகாதே என்று நான் சொன்னேன், பாண்டித்துரை சொன்னார், மழைகூடச் சொன்னது.

"உடம்ப அசைச்சா காச்சல் ஓடிரும் மதினி," என்றாள்.

காய்ச்சல் ஓடவில்லை. வியாழக்கிழமை அவளே எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். தலை பிளக்கிறது என்றாள். சாயங்காலம் வெந்நீர் வைத்து, துணியை நனைத்து அவள் உடம்பைத் துடைத்துவிட்டேன். அப்போது இடது இடுப்பில், பாவாடைக் கயிறு கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு கறுத்த பொருக்கைப் பார்த்தேன். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருந்தது. சுற்றிலும் சிவப்பு.

"வலிக்கிதாட்டி?" என்று கேட்டேன்.

"எது மதினி?"

அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"புது மெடல் ஒண்ணு வாங்கியிருக்க. இதோட ஒம்பது," என்று சொல்லிச் சிரித்தேன். காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. சிரிக்க வைத்துவிட்டேன் அல்லவா.

வெள்ளிக்கிழமை பாண்டித்துரையின் ஜீப்பில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான், எங்கள் மூன்றாம் ஆள் தமிழ்ப்ரியா, பின்னால் பெஞ்சில் முத்துப்பேச்சி. தமிழ்ப்ரியா குமுளியில் ஏலக்காய்க் கடையில் நிற்கிறவள். அணியில் இளையவள். ஒரு மூட்டை ஏலக்காயை முகர்ந்து பார்த்தே எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவதாகச் சுற்றுலாக்காரர்களிடம் அளப்பாள்.

பெண்கள் வார்டில் டாக்டர் பின்சி வந்து பார்த்தார். முப்பது வயதுகூட இருக்காது. மலையாளம் கலந்த நல்ல தமிழ். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், எத்தனை நாள் என்று கேட்டார்.

"புல்லு, புதர் பக்கமெல்லாம் போனதுண்டோ?"

"டாக்டர், எஸ்டேட்டுல புல்லுப் பக்கம் போகாம ஆகாசத்துலயா போறது?" என்றேன் நான்.

டாக்டர் கோபிக்கவில்லை. "சரி சேச்சி. உடம்புல எங்கயாவது கறுத்த பொருக்கு இருக்கா? அதுதான் நான் தேடுறேன்," என்று சொல்லிக்கொண்டே முத்துப்பேச்சியின் வலப்பக்கத்தை விலக்கினார். விலாவில் வரிசையாக மெடல்கள்.

"அய்யோ, இதென்ன?"

முத்துப்பேச்சிக்குப் பேசத் தெம்பில்லை. நான் இருக்கும்போது அவளுக்கு எதற்குத் தெம்பு?

"எல்லாம் வடம் டாக்டர். நாங்க வடம்வலிக்காரிங்க. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்க எல்லாருக்கும் உண்டு. பாக்குறீங்களா?" என்று என் ரவிக்கையைத் தூக்கி என் விலாவையும் காட்டினேன். தமிழ்ப்ரியாவும் தன்னுடையதைக் காட்டத் தயாரானாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய அண்ணனும் வடம்வலிக்காரராம், இதே மாதிரிதான் இருக்குமாம். மறுபக்கம் திருப்பிப் பார்க்கக் கை வைத்தார். முத்துப்பேச்சி கூச்சத்தில் சேலையை இறுக்கிக்கொண்டாள். "அந்தப் பக்கமும் இதேதான் டாக்டர், நான் நேத்துத்தான் பாத்தேன்," என்றேன். அதற்குள் அவசரப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்து டாக்டரைக் கூப்பிட, சீட்டில் என்னவோ எழுதிவிட்டுப் போனார். ரத்தம் எடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் நிலைமை மோசம். மூச்சு வேகமாக வாங்கிக்கொண்டிருந்தது. என்னை யார் என்று தெரியவில்லை. குளுக்கோஸ் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "விடாதீங்கட்டி, சாயிங்கட்டி," என்று முணுமுணுத்தாள். கட்டப்பனைக்காரிகள் எதிரில் நிற்பதாக நினைத்திருக்கிறாள்.

டாக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை.

"டெங்கு இல்ல. எலிக் காய்ச்சலும் இல்லன்னுதான் தெரியுது. இன்னொரு ரத்தம் ஜில்லா லேபுக்கு அனுப்பியிருக்கேன், திங்கட்கிழமைதான் ரிசல்ட் வரும். அதுவரை இவங்க மூச்சு தாங்குமான்னு பாக்கணும். மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா கோட்டயத்துக்கு அனுப்பிடுறேன்."

கோட்டயம் என்றால் மலை இறங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல். பாண்டித்துரை வாசலில் நின்ற ஜீப்பை எதற்கோ திறக்கப் போனார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. யானை எதிரில் வந்தபோதுகூடப் பின்கியரில் நிதானமாக ஒரு கிலோமீட்டர் ஓட்டியவர் அவர். தமிழ்ப்ரியா சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். டாக்டரிடமே பாய்ந்தேன்.

"ஆறு நாளா ஒரு கிருமி உடம்புக்குள்ள இருக்குன்னா, உடம்பு என்ன தூங்கிக்கிட்டா இருக்கு டாக்டர்? ரத்தத்துல வெள்ளை அணு இருக்கு, அது கிருமியத் தின்னுரும்னு ஸ்கூல்ல படிச்சோமே."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. குளுக்கோஸ் சொட்டைச் சரி செய்துகொண்டே பேசினார்.

"தின்னும் சேச்சி. அதுதான் பிரச்சினையே. சில கிருமிங்க தின்னப்பட்டு உள்ள போகணும்னே காத்துக்கிட்டு இருக்கும். சாதாரணமா வெள்ளை அணு ஒரு கிருமிய முழுங்கினா, உள்ள ஒரு பைக்குள்ள போட்டு அடைச்சு, அங்கயே கரைச்சிடும். நான் சந்தேகப்படுற இந்தக் கிருமி அந்தப் பையக் கிழிச்சுட்டு வெளிய வந்துடும். வந்து நடுவீட்டுல உக்காந்துக்கும். காவல்காரன் வீட்டுக்குள்ளயே குடியிருக்கிற திருடன். தெருவுல தேடினா கிடைக்க மாட்டான்."

"அப்ப வீட்டுக்காரனுக்குத் தெரியாதா?"

"தெரியும். அணுவுக்குள்ளயும் சின்னச் சின்னக் காவல் இருக்கு. பைக்குள்ள இருக்க வேண்டியது அடுக்களையில நடமாடுதேன்னு அதுங்க மோப்பம் பிடிச்சுடும். உடனே சத்தம் போடும். இந்தக் காய்ச்சல் இருக்கே, பாதி அந்தச் சத்தம்தான். அப்புறம் அந்த அணு இன்னொரு வேலை செய்யும், கேட்டோ. உள்ள இருக்கிறதையெல்லாம் துண்டு துண்டா வெட்டி, கொஞ்சத்த வெளிச்சுவர்ல மாட்டி வைக்கும். எப்பவுமே மாட்டும். தன் சரக்கு இருந்தா தன் துண்டு. அந்நியன் இருந்தா அந்நியன் துண்டு. வெளிய ரோந்து போற அணுக்கள் ஒவ்வொரு சுவரா பாத்துக்கிட்டே போகும்."

தமிழ்ப்ரியா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் லயத்தில் பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எந்த வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று யாரும் கதவைத் தட்டிக் கேட்பதில்லை. வாசல் கொடியைப் பார்த்தால் போதும். தெரியாத லுங்கி ஒன்று காய்ந்தால் உள்ளே தெரியாத ஆள் இருக்கிறான்.

"கொடியில காயுற துணிய வச்சுக் கண்டுபிடிக்கிறது," என்றேன்.

"அதேதான் சேச்சி. அந்நியத் துணியப் பாத்தா, கொல்ற அணு வந்து அந்த வீட்டையே இடிச்சிடும். திருடனோட சேத்து."

"வீடு போயிருமே?"

"போகும். பக்கத்து வீடு பிழைக்கும். ஆனா நிறைய வீடு இடிஞ்சா ஊரே தாங்காது. இப்ப இவங்களுக்கு அந்தக் கட்டம்தான்னு நினைக்கிறேன். நேத்திலிருந்து போடுற ஊசி தெருவுல திரியிற கிருமிக்குத்தான். வீட்டுக்குள்ள போகாது. உள்ள போற மாத்திரை வேற. நாலஞ்சு காய்ச்சல் ஒரே முகத்தோட வருது. ஒரு அடையாளம் கிடைச்சா போதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பூச்சி கடிச்ச இடத்துல ஒரு கறுப்புப் பொருக்கு விழும். அதைத்தான் நேத்துத் தேடினேன். இன்னொரு தடவை முழுசா பாக்கணும். அந்தக் கடைசிக் கட்டில்ல ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்குது, குழாய் மாட்டிட்டு வர்றேன்," என்று வார்டின் அந்தக் கடைசிக்கு ஓடினார்.

பக்கத்துக் கட்டிலில் கம்பத்துக்காரி ஒருத்தி காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாளோ, பொழுது போகவில்லையோ, கேட்டாள்.

"வடம்வலி வடம்வலிங்குறீங்களே, தேர் இழுக்குற மாதிரியா?"

"தேர் திருப்பி இழுக்காதுல்ல. இது திருப்பி இழுக்கும்," என்றாள் தமிழ்ப்ரியா.

"எப்படித்தான் பிடிப்பீங்க?"

காலியாகக் கிடந்த கட்டிலின் போர்வையை எடுத்துத் தமிழ்ப்ரியா முறுக்கினாள். ஒரு நுனி அவளிடம், ஒரு நுனி என்னிடம். வார்டின் நடுவில் நின்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது; கைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று பிடித்துக்கொண்டேன். போர்வை தானாக வலது கக்கத்துக்குள் போனது. உடம்பு தானாகச் சாய்ந்தது. வலது விலாவில் இருந்த பழைய பொருக்கு சுருக்கென்றது.

"இங்கதான் உரசும். எங்க எல்லாருக்கும் இந்தப் பக்கம்..." என்று காட்ட ஆரம்பித்தேன்.

இந்தப் பக்கம்.

என் இடுப்பின் இடப்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். போர்வைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வடம் அங்கே வரவே வராது. மூன்று வருடத்தில் ஒருத்திக்காவது இடது இடுப்பில் மெடல் விழுந்ததுண்டா? எங்கள் ஏழு பேரும் வலப்பக்கக்காரிகள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கள் எல்லாருக்கும் உண்டு என்று நேற்று டாக்டரிடம் பெருமை பேசியது யார்?

அந்த இடப்பக்கம் புல்லில் படுக்கிற பக்கம். எது மதினி என்று அவள் கேட்டாளே. எங்கள் மெடல் ஒவ்வொன்றும் தொட்டாலே எரியும். அது வலிக்கவே இல்லை. கொடியில் அந்நியத் துணி கண்ணுக்கு நேராகக் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்தவள் நான். பார்த்துவிட்டு, நம் வீட்டுத் துணிதான் என்று மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

போர்வையை விட்டுவிட்டேன். சாய்ந்து நின்றிருந்த தமிழ்ப்ரியா தொப்பென்று விழுந்தாள். அவளைத் தூக்கக்கூட இல்லை. டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அரசு டாக்டரின் கையைப் பிடித்து இழுப்பது குற்றமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. முத்துப்பேச்சியைப் புரட்டி, சேலையை இறக்கிக் காட்டினேன்.

"நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர். இது வடமில்ல. வடம் இங்க படாது."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் சுற்றிலும் அமுக்கினார். முத்துப்பேச்சி முகம் சுளிக்கவில்லை. இடுப்பு மடிப்பில் ஒரு நெறி கட்டியிருந்ததையும் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"செள்ளுப் பனி. உங்க தமிழ்ப் பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடுவாங்க. புல்லுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சு வர்றது. திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், இப்பவே மாத்திரை ஆரம்பிக்கலாம்," என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

மாத்திரையைப் பாண்டித்துரைதான் கொடுத்தார். தலையைத் தூக்கி, வாயில் வைத்து, தண்ணீரை ஊற்றி, அது தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோட்டயம் போவதை ராத்திரி வரைக்கும் தள்ளிப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

நான் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் அந்த வழியாக வந்தபோது எழுந்து நின்றேன்.

"என்னைத் திட்டுங்க டாக்டர். நேத்தே அந்தப் பக்கம் பாக்க விட்டிருந்தா நேத்தே மாத்திரை போட்டிருப்பீங்க."

"நானும்தான் திருப்பிப் பாக்காம போனேன்," என்றார். "காவலுக்குன்னே பிறந்த அணுவையே ஏமாத்துற கிருமி சேச்சி அது. உங்கள ஏமாத்தினா என்ன? நீங்க ஒரு நாள்ல கண்டுபிடிச்சுட்டீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

அன்று சாயங்காலம் மூச்சு கொஞ்சம் மட்டுப்பட்டது. கோட்டயப் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள், மதினி என்றாள், தூங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் நெற்றியைத் தொட்டால் ஈரமாக, சில்லென்று இருந்தது. ஜில்லா லேபிலிருந்து ரிசல்ட்டும் வந்தது. டாக்டர் சொன்ன அதே காய்ச்சல்தான். பாண்டித்துரை கேன்டீனிலிருந்து டீ வாங்கி வந்தார். முத்துப்பேச்சி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது நீ சலிச்ச தூளா மதினி?"

"ஏட்டி, வெளுத்த தண்ணிக்கெல்லாம் எம் பேர இழுக்காத."

"அதான பாத்தேன். உன் தூளா இருந்தா இதவிட மோசமா இருக்கும்."

வார்டே சிரித்தது. கம்பத்துக்காரிக்குக் கால் குலுங்கி வலித்ததில் சிரித்துக்கொண்டே அழுதாள். பாண்டித்துரை வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

நான் எல்லாவற்றையும் முத்துப்பேச்சியிடம் சொன்னேன். மெடல் என்று சிரித்ததை, டாக்டரைத் தடுத்ததை, போர்வையை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "என் இடுப்ப நானே பாத்ததில்ல. நீ பாத்திருக்க. அது போதும் மதினி," என்றாள். பிறகு, "எட்டு மெடல்தானா அப்ப?" என்று கேட்டாள். ஒன்று குறைந்துபோனதில் அவளுக்கு நிஜமாகவே வருத்தம்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை மாதத்துக்கு வடத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் பின்சி கறாராகச் சொல்லிவிட்டார். அவள் இல்லாமல் போட்டிக்குப் போகவே வேண்டாம் என்றேன் நான். அணியில் எல்லாரும் சரி என்றார்கள். முத்துப்பேச்சி மட்டும் ஒப்பவில்லை.

"கிடாவ அவளுக சும்மா பிடிச்சிட்டுப் போகவா? போய் இழுங்கட்டி. நான் கூவுறேன்."

அப்படித்தான் பாண்டித்துரையின் விசில் பறிபோனது. வீட்டில் ஒரு குரல், மைதானத்தில் வேறு குரல் என்று வைத்திருந்தவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே குரலாகிவிட்டது. தமிழ்ப்ரியா முதல் ஆளாக நின்றாள். பதிலுக்கு ஒருத்தியைக் கொழுந்தெடுக்கும் கூட்டத்திலிருந்து பிடித்துப் போட்டோம். முத்துப்பேச்சி நாற்காலியில் உட்கார்ந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, தொண்டை கட்டும் வரை கூவினாள். அரையிறுதியில் கட்டப்பனைக்காரிகளிடமே தோற்றோம். ஆறுதல் பரிசாக எங்களுக்கு நான்கு கோழி கிடைத்தது. தோற்ற கோழி என்று யாரும் சாப்பிடாமல் விடவில்லை. குழம்பு நன்றாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அணியில் சில சட்டங்கள் வந்தன. மைதான ஓரத்துப் புதரை வெட்டியாயிற்று. ஓய்வெடுக்க ஜீப்பின் தார்ப்பாயை விரிக்கிறோம்; புல்லில் யாரும் படுப்பதில்லை. பயிற்சி முடிந்து குளிக்கும்போது முன்னால் நிற்கிறவளைப் பின்னால் நிற்கிறவள் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால், கக்கம், இடுப்பு, எல்லாம். மெடல் எண்ணுவதற்கு அல்ல. மெடல் இல்லாததைத் தேடுவதற்கு.

அக்டோபர் கடைசியில் முத்துப்பேச்சி திரும்பி வந்தாள். ஃபேக்டரி ஆண்களோடு பயிற்சி ஆட்டம். இறங்குவதற்கு முன்னால் பனியனின் இடப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி என்னிடம் காட்டினாள். பொருக்கு உதிர்ந்து, வட்டமாக வெளுத்த தழும்பு.

"மதினி, இது என்னது சொல்லு."

"வடம் படாத இடம்," என்றேன்.

"மறக்கமாட்டியே?"

"செத்தாலும் மறக்கமாட்டேன். நீ திரும்பு."

திரும்பி நின்றாள். வடத்தைத் தூக்கினோம். மெலிந்திருந்தாள், தோள்பட்டை எலும்பு பனியனுக்கு மேல் தெரிந்தது. ஆனால் அதே முதுகு. முதலில் நடுவில் வேர்த்தது, பிறகு இடது தோள் இறங்கியது, பல்லைக் கடிக்கிறாள் என்று தெரிந்தது. மூன்று வருடமாக எந்த யோசனையும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த முதுகு. அது எனக்கு முன்னால் இல்லாமலே போயிருக்கும். என் வாயால் போயிருக்கும்.

இழுக்கும்போது அழக்கூடாது, அழுதால் மூச்சு போய்விடும் என்று பாண்டித்துரை எப்போதும் சொல்வார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு மூச்சு போனது, பிடி தளர்ந்தது, ஏழு பேரையும் ஆண்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சேற்றில் உட்கார்ந்தபடி முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மதினி, கை வழுக்கிருச்சா?"

"ஆமாட்டி," என்றேன். "வேர்வை."